பீலி ஏற்றிய வண்டி

இற்றை நாளில் கல்லூரிகளில் ஊக்கவுரைகளுக்குப் பஞ்சமில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒன்று, பருவத் தேர்வு நெருங்குகையில் ஒன்று, இடையில் மன்ற விழா வந்தால் மற்றொன்று என்று அவை நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன. சிறப்பு விருந்தினர் வருகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது, ஏழ்மையில் பிறந்து ஏற்றம் கண்டோர் வரலாறுகள் எடுத்துரைக்கப்படுகின்றன. மாணவர் அரங்கம் அதிரக் கைதட்டுகின்றனர். அன்று பெற்ற ஊக்கம் பேருந்து நிலையம் வரை அவர்களோடு வருகிறது. படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கத் தொடங்கியதும் அது இறங்கிக்கொள்கிறது. மறுநாள் காலையிலும் ஒப்படைப்பு எழுதப்படாமலேதான் கிடக்கிறது.

இது பேச்சாளரைக் குறை கூறுவதற்கன்று. ஊக்கம் என்பது வெளியிலிருந்து பிறர் ஊற்றித் தரும் எண்ணெய் போன்றது என்றும், அது வந்த பின்னரே படிப்பு தொடங்கும் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ‘மனம் வரவில்லை, அதனால் படிக்கவில்லை’ என்கிறான் மாணவன். படிக்கவில்லை, அதனால் மனம் வரவில்லை என்பதே என் துணிபு. ஒரு பக்கம் படித்து முடித்தவனுக்கே அடுத்த பக்கம் படிக்க மனம் வருகிறது. ஊக்கம் செயலின் தாயன்று, அதன் பிள்ளை.

முதலில் சுமை எத்தகையது என்று பார்ப்போம். கலை அறிவியல் கல்லூரியில் பயிலும் இளங்கலை மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்தில் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள், துணைப்பாடம், விருப்பப்பாடம் என ஆறு தாள்கள் என்று கொள்வோம். தாளுக்கு இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வு, ஓர் ஒப்படைப்பு, ஒரு கருத்தரங்க உரை என்றால் மொத்தம் 24 பணிகள். பருவத்தின் வேலைநாட்களோ ஏறத்தாழ 90. நாலு நாளைக்கு ஒரு பணி கூட இல்லை என்று சொல்லத்தக்க அளவில் இல்லை. நாலு நாளைக்கு ஒரு பணி என்னும் கணக்குக்குச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். இவற்றோடு 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளும், நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவையும் சேர்கின்றன. கணக்கில் பார்த்தால் இது தாங்க இயலாத பாரமன்று. ஆயினும் மாணவர் தாங்க இயலாமல் தவிப்பது கண்கூடு. ஏன்?

மயிலிறகை ஏற்றிய வண்டியாயினும் அளவு மீறினால் அச்சு ஒடியும் என்கிறார் வள்ளுவர். நம் மாணவரின் நிலை இதுவே. ஒப்படைப்பு ஓர் இறகு. கருத்தரங்க உரை ஓர் இறகு. செய்முறைப் பதிவேடு மற்றோர் இறகு. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் வைப்பது ஓர் இறகே என்று எண்ணுகிறார். அது உண்மையும் ஆகும். ஆறு ஆசிரியரும் பருவத்தின் இறுதி மூன்று வாரங்களில் தத்தம் இறகுகளை ஒரே வண்டியில் வைக்கும்போதுதான் அச்சு முறிகிறது. முதல் இரண்டு திங்கள் வெறுமனே ஓடிய வண்டி அது என்பதை அப்போது நினைப்பார் இல்லை.

எனவே மாணவரை நோக்கிப் பேசுமுன் ஆசிரியர் உலகை நோக்கி ஒரு சொல். துறைக்கு ஒரு சுவர் நாட்காட்டி போதும். எந்தத் தாளின் ஒப்படைப்பு எந்த நாளில் என்று பருவத்தின் முதல் வாரத்திலேயே ஆறு ஆசிரியரும் கூடி எழுதிவிட்டால், ஒரே நாளில் மூன்று ஒப்படைப்புகள் விழுவதைத் தவிர்க்கலாம். இதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆணை வேண்டுவதில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலும் வேண்டுவதில்லை. அரைமணி நேரமும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். ஒப்படைப்பின் எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் தரம் பெரிது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்னர்க் கைடுகளைப் பார்த்து எழுதினர். இப்போது கைப்பேசியைக் கேட்டு எழுதுகின்றனர். இருபது பக்கம் கேட்டால் இருபது பக்கமும் வரும். எழுதியவன் அதில் இரண்டு பக்கத்தைக் கூடப் படித்திருக்கமாட்டான். அவனே எழுதிய இரண்டு பக்கம் கேட்பது இருவருக்கும் நன்று.

இனி மாணவர் பக்கம் வருவோம். திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். மடியின்மையும் ஆள்வினையுடைமையும் அதனை அடுத்து வருகின்றன. மேடைகளில் நாம் மிகுதியும் கேட்பது இம்மூன்றிலிருந்துதான். ஆனால் இன்று நாம் ஓதும் வைப்புமுறையில் இவற்றுக்கு நெடுந்தொலைவு முன்னரே 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் நிற்கின்றன: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஆராய்ந்து தொடங்குதல், தன் வலிமையை அளந்தறிதல், உரிய காலத்தையும் உரிய இடத்தையும் தெரிதல் ஆகிய நான்கும் அமைந்த பிறகே ஊக்கத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. பீலி வண்டியும் வலியறிதலில்தான் வருகிறது. அரசனுக்குச் சொன்னவை இவை என்பர். ஒரு பருவத்தை வென்று கடக்க வேண்டிய மாணவனுக்கும் பொருந்தாமல் போகா. நம் இளைஞரோ நேரே 60ஆம் அதிகாரத்துக்குத் தாவுகின்றனர். ‘இன்றிரவு முழுவதும் விழித்திருந்து ஐந்து அலகையும் முடித்துவிடுவேன்’ என்று சூளுரைப்பது ஊக்கமுடைமையாகத் தோன்றலாம். வலியறிதல் அதில் இல்லை.

ஐந்து அலகு என்றேன். தாளுக்கு ஐந்து அலகு. ஆறு தாளுக்கு முப்பது. 90 நாளில் முப்பது அலகு என்றால் மூன்று நாளைக்கு ஓர் அலகு. மூன்று நாளில் ஓர் அலகைப் படித்து முடிக்க இயலாத மாணவர் எந்தக் கல்லூரியிலும் இலர். ஓர் இரவில் ஐந்து அலகைப் படித்து மனத்தில் நிறுத்தக்கூடியவரும் எந்தக் கல்லூரியிலும் இலர்.

இம்முறையைக் கற்பிக்க நாம் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போகவேண்டுவதில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டியுள்ள ஹிஃப்ளு மதரசாவை எட்டிப் பார்த்தாலே போதும். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் அங்கே திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களையும் நெஞ்சில் ஏற்றுகிறான். அவனுடைய தாய்மொழி அரபு அன்று. அவனிடம் தனிப்பட்ட நினைவாற்றல் மருந்து ஏதும் இல்லை. ஒருநாளும் அவன் விடிய விடிய விழித்திருந்து பத்து ஜுஸ்உகளைப் பாடம் செய்வதில்லை, உஸ்தாதும் விடமாட்டார். பஜ்ருத் தொழுகைக்குப் பின் அன்றைய புதுப் பாடத்தை ஒப்பிக்கிறான். பின்னர்ச் சென்ற சில நாட்களில் பாடமாக்கியதை ஓதிக்காட்டுகிறான். அதன் பின்னர் நெடுநாளைக்கு முன் முடித்த பகுதியில் ஒன்றைத் திருப்பி ஓதுகிறான். புதுப் பாடம், அண்மைப் பாடம், பழம்பாடம் என்னும் இம்மூன்றும் நாள்தோறும் நடக்கின்றன. புதுப் பாடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பழம்பாடம் தடுமாறினால் அன்று மேலே போக முடியாது.

பரவலாக வழங்கும் திருக்குர்ஆன் பதிப்பொன்று 604 பக்கங்கள் கொண்டது. நாளொன்றுக்கு அரைப் பக்கம் என்றால் 1208 நாட்கள். விடுமுறைகளையும் சேர்த்தால் நான்கு ஆண்டு அளவில் அச்சிறுவன் ஹாபிழாகிவிடுகிறான். அரைப் பக்கம்! நம் கல்லூரி மாணவரிடம் ‘நாளைக்கு அரைப் பக்கம் படி’ என்றால் சிரிப்பார்கள். அந்த அரைப் பக்கத்தை ஒருநாளும் விடாதவனே முழு வேதத்தையும் சுமக்கிறான்; அதைச் சிரித்தவன் கைடின் பத்துக் கேள்விகளைச் சுமக்க முடியாமல் தேர்வு அறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹௌஸ் தம்மைத் தாமே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, 1885ஆம் ஆண்டு மறதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையைத் தொடர்ச்சியாக 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்துகொண்டபோது 38 முறையிலேயே தாம் பெற்றதாக அவர் கண்டார். ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சம். மதரசா உஸ்தாத் எபிங்ஹௌஸைப் படித்தவரல்லர். எபிங்ஹௌஸ் மதரசாவைப் பார்த்தவராகவும் தெரியவில்லை. இருவரும் சென்று சேர்ந்த இடம் ஒன்றே.

‘மனப்பாடம் வேறு, அறிவு வேறு’ என்று இங்கே ஒரு தடை எழலாம். எழவேண்டியதுதான். இலக்கியத்தை உருப்போடுவது இலக்கியக் கல்வி ஆகாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது உருப்போடுதலை அன்று, திரும்பி வருதலை. சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் பாடமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்தில் அது ஒரு சிறு படலம். வகுப்பில் நடத்திய அன்று மாலையே மூலப் பாடல்களை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது. மூன்றாம் நாள் நூலை மூடிவைத்துவிட்டுக் கதைப்போக்கையும் உமறுப்புலவர் காட்டும் நயங்களையும் பத்து வரியில் எழுதிப் பார்ப்பது. எழுதியதை நூலோடு ஒப்பிட்டு விட்டுப்போனதை மட்டும் மீண்டும் படிப்பது. இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தேர்வுக்கு முன்னிரவு கைடில் அப்படலத்தின் சுருக்கத்தைப் படிப்பவனும் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறான். ஒருவனுக்குப் படலம் கிடைக்கிறது. மற்றவனுக்குச் சுருக்கம் கிடைக்கிறது, அதுவும் தேர்வு முடியும் வரைதான்.

திருக்குர்ஆனே ஒரே நாளில் முழுமையாக மக்களிடம் வந்து சேரவில்லை; சற்றொப்ப 23 ஆண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக அருளப்பெற்றது. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம்மவர் அனைவரும் அறிவர். அதனினும் மாணவர் அறிந்துகொள்ள வேண்டியது நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் செய்தி. அவர் இளமையின் வேகத்தில் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார். செவியுற்ற நபிகளார் அவரைப் பாராட்டவில்லை. உடலுக்கு உன்மீது உரிமை உண்டு, கண்ணுக்கும் உரிமை உண்டு என்று தடுத்தார்கள். எளியதைக் காட்டினார்கள், அவரோ என்னால் இதனினும் கூடுதலாக இயலும் என்று மன்றாடிக் கூட்டிக்கொண்டே போனார். முதுமை வந்தபோது, நபிகளார் முதலில் காட்டிய எளிய அளவையே ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தினார் என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். வணக்கத்துக்கே இவ்வளவு அளவு சொல்லப்பட்டிருக்க, தேர்வுக்காகக் கண்ணின் உரிமையைப் பறிப்பதற்கு நமக்கு யார் இசைவு தந்தது? படித்ததை மூளை பதிவு செய்துகொள்வதில் உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று அறிவியலும் ஒப்பிய செய்தி. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குபவன் இரண்டையும் இழந்து எழுகிறான்.

ரமலான் மாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2024இலும் 2025இலும் அது மார்ச்சுத் திங்களில் வந்தது. அகமதிப்பீட்டுத் தேர்வுகள் நெருங்கும் காலம். பிறையாண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவாதலால் ஆண்டுதோறும் அது முன்னோக்கி நகர்ந்து, பருவத்தின் வேறு வேறு இடங்களைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ‘நோன்பு நாளில் படிக்க முடியவில்லை’ என்பார் சிலர். நண்பகலில் முடியாமல் இருக்கலாம். சஹர் முடித்துப் பஜ்ரும் தொழுத பின்னர்க் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு இணையான நேரம் ஆண்டில் வேறு எப்போதும் நம் வீடுகளில் கிடைப்பதில்லை. வீடு விழித்திருக்கிறது, தெரு இன்னும் விழிக்கவில்லை. அந்த நேரத்தில் போர்வைக்குள் கைப்பேசியோடு போய்விடுகிறவரை வைத்துக்கொண்டு நோன்பைக் குறை கூறலாமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, இவை பொருந்தாத மாணவர் சிலர் நினைவுக்கு வருகின்றனர். வகுப்பு முடிந்ததும் ஜவுளிக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ சென்று இரவு பத்து மணி வரை நின்றுகொண்டே இருப்பவன் அவன். அவனுடைய சம்பளத்தில்தான் தங்கையின் பள்ளிச் செலவு நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தோர்க்குத் திங்களுக்கு 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பேருந்துக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அது கைகொடுக்கும்; கடைச் சம்பளத்துக்கு ஈடாகாது. இவனிடம் போய் நேர நிர்வாகம் பற்றி விரிவுரை நிகழ்த்துவது இரக்கமற்ற செயல். நேரத்தை நிர்வகிப்பதில் அவன் நம்மில் பலருக்கு ஆசிரியன். வகுப்பில் பின்வரிசையில் கண் அயர்பவன் அவன்தானா, அல்லது இரவெல்லாம் கைப்பேசியில் படம் பார்த்தவனா என்று ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும். இருவரையும் ஒரே சொல்லால் கடிந்துகொள்வது நீதியன்று. அவனுக்குப் பேருந்தில் கழியும் முக்கால் மணி நேரமே படிக்கும் நேரம். அதற்கேற்பக் கையடக்கமான குறிப்பு ஒன்றை எழுதிக்கொள்ளப் பழக்கினால் அதுவே பெருந்துணை.

மாணவியர் நிலை வேறு வகை. அவர்களுள் பலருக்குக் கல்லூரி விட்டு வீடு சென்றதும் அடுப்படி காத்திருக்கிறது. அண்ணன் படிக்கிறான் என்றால் வீடு அமைதியாகிறது. தங்கை படிக்கிறாள் என்றால் ‘இந்தப் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படி’ என்ற குரல் எழுகிறது. ஒரு தாள் நின்றுபோனால் ‘படித்தது போதும்’ என்ற பேச்சும் வந்துவிடுகிறது. ஆணுக்கு நிலுவைத்தாள் என்பது மறுதேர்வு. பெண்ணுக்கோ அது பல வேளைகளில் படிப்பின் முடிவு.

பெரியவர்களிடம் பேசவேண்டியது இங்கேதான் இருக்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் தோன்றின. அதிராம்பட்டினத்தில் 1955, உத்தமபாளையத்தில் 1956, பாளையங்கோட்டையில் 1971 என்று அவ்வரிசை நீள்கிறது. தோல் வணிகத்திலும் கடல் வாணிகத்திலும் ஈட்டிய பொருளை நம் முன்னோர் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றி வைத்துப் போனார்கள். சேர்க்கைக்கு அவர்கள் வழி செய்துவிட்டார்கள். சேர்ந்தவர் பட்டத்தோடு வெளிவருவதற்கு வழி செய்வது நம் பொறுப்பாக எஞ்சியிருக்கிறது. இரண்டு மூன்று தாள்கள் நிலுவையில் நிற்க, பட்டச் சான்றிதழ் வாங்காமலே கடையிலும் அயல்நாட்டிலுமாகக் கரைந்துபோன இளைஞர் நம் ஒவ்வொரு மகல்லாவிலும் இருக்கின்றனர். அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். கடைசி மூன்று வாரங்களில் அச்சு ஒடிந்தவர்கள்.

நிக்காஹ் நாள் குறிக்கும்போது மண்டபம் கிடைக்கிறதா, வெளிநாட்டு மாமா வர இயலுமா என்றெல்லாம் பார்க்கிறோம். வீட்டுப் பிள்ளையின் தேர்வு அட்டவணையைப் பார்ப்பவர் எத்தனை பேர்? நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு வரும் என்பது ஊரறிந்த செய்தி. தேர்வுக்கு முந்திய வாரத்தில் அக்காள் திருமணம் என்றால் அந்தப் பருவம் அவளுக்கோ அவனுக்கோ இல்லையென்று எழுதிவிடலாம். கடைக்கு ஆள் வரவில்லை என்பதற்காக மகனைக் கல்லூரியிலிருந்து அழைத்துக்கொள்ளும் வழக்கமும் அத்தகையதே. ஒருநாள்தானே என்று தோன்றும். அதுவும் ஓர் இறகுதான்.

இன்னொன்றும் ஜமாஅத்துகளின் கையில் உள்ளது. பல ஊர்களில் மக்தபுப் பிள்ளைகள் மாலையில் ஓதிவிட்டுப் போன பின்னர் மதரசாக் கூடம் பூட்டப்பட்டுவிடுகிறது. மின்விளக்கு இருக்கிறது, விசிறி இருக்கிறது, பாய் இருக்கிறது, குடிநீரும் இருக்கிறது. மூன்று பேர் உறங்கும் ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தறிக்கும் நடுவே புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் மாணவனின் வீடு அங்கிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. இஷாத் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் அக்கூடத்தைத் திறந்து வைக்கலாம். மாணவியர்க்கு அஸரை ஒட்டி ஒரு நேரம் தனியே ஒதுக்கலாம். பட்டம் பெற்ற ஊர் இளைஞர் ஒருவர் வாரத்தில் இருநாள் வந்து அமர்ந்தால் ஐயம் கேட்க ஆள் கிடைக்கும். மின் கட்டணம் சற்றுக் கூடும். அதனைச் சந்தாவில் சேர்த்துக்கொள்ள எந்த மகல்லாவும் மறுக்காது என்றே எண்ணுகிறேன். சாவி முத்தவல்லியிடம் இருக்கிறது.